நாடுகளுக்கிடையே தொடக்கப் பள்ளி மாணவரின் வாசிப்புத் திறனை ஒப்பிடுவது எப்படி?

பல நாடுகளின் குழந்தைகள் எவ்வளவு நன்றாக வாசிக்கிறார்கள் என்பதைக் காட்டும் ஆய்வு முடிவுகள் வெளியாகும் நாளில், பெரும்பாலோர் கண்ணில் படுவது ஒரு தரவரிசைப் பட்டியல் மட்டுமே. முதலிடம் எந்த நாட்டுக்கு, கடைசி இடம் எந்த நாட்டுக்கு, சென்ற முறையைவிட ஏறியவர் யார், இறங்கியவர் யார் என்பதோடு விவாதம் முடிந்துவிடுகிறது. அந்தப் பட்டியல் பொய்யானதன்று. ஆனால் அது ஒப்பீட்டின் முடிவில் பார்க்க வேண்டியதே தவிர, தொடக்கத்தில் பார்க்க வேண்டியதன்று. எந்தக் குழந்தைகள், எந்த வயதில், எந்த மொழியில், எத்தகைய உரைகளை வாசித்தார்கள் என்பதை உறுதிசெய்துகொண்ட பிறகே இரண்டு நாடுகளின் எண்களை அருகருகே வைத்துப் பேச முடியும். ஆசிரியரோ, இதழாளரோ, கல்வியியல் மாணவரோ, இவ்வேலையைச் செய்ய முற்படும் எவரும் எந்த வரிசையில் அதைச் செய்வது நல்லது என்பதை இங்கே விளக்குகிறேன்.

முதலில் கேள்வியை வரையறுத்துக்கொள்ளுங்கள்

ஒரு குழந்தைக்கு “வாசிக்கத் தெரியும்” என்று சொல்லும்போது நாம் பல வேறு திறன்களை ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். எழுத்தைப் பார்த்து அதன் ஒலியைச் சொல்வது ஒரு திறன். சொற்களைத் தடுமாறாமல் சரளமாக வாசிப்பது மற்றொன்று. வாசித்த பத்தியில் வெளிப்படையாகக் கூறப்பட்டுள்ள செய்தியைக் கண்டெடுப்பது வேறொன்று. கூறப்படாத காரணத்தை உய்த்துணர்வதும், ஒரு கட்டுரையின் இரு பகுதிகளை இணைத்துப் பொருள் காண்பதும், எழுதியவரின் நோக்கத்தை மதிப்பிடுவதும் இவற்றுக்கெல்லாம் மேற்பட்டவை. இவற்றுள் எதை நாடுகளுக்கிடையே ஒப்பிட விரும்புகிறீர்கள் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதி வைத்துக்கொண்டு, அதன் பிறகு தரவைத் தேடுங்கள். தரவைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வியைத் தேடினால், கிடைத்த எண் எதை அளந்ததோ அதையே நாம் கேட்டதாக எண்ணிவிடுவோம்.

கேள்விக்கு ஏற்ற ஆய்வைத் தேர்ந்தெடுத்தல்

தொடக்கப் பள்ளி மாணவரின் வாசித்துப் பொருளுணரும் திறனை நாடுகளுக்கிடையே ஒப்பிடுவதற்கென்றே வடிவமைக்கப்பட்டவற்றுள் முதன்மையானது பிர்ல்ஸ் எனப்படும் பன்னாட்டு வாசிப்புத்திறன் முன்னேற்ற ஆய்வு. ஐ.இ.ஏ. எனச் சுருக்கமாக அழைக்கப்படும் பன்னாட்டுக் கல்வி அடைவு மதிப்பீட்டுச் சங்கம் இதை 2001 முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை நடத்திவருகிறது. ஆய்வின் மையம் அமெரிக்காவின் பாஸ்டன் கல்லூரியில் உள்ளது. 2021ஆம் ஆண்டுச் சுற்றில் 57 நாடுகளும் 8 தனிப் பகுதிகளும் பங்கேற்றன. நான்காம் வகுப்பின் இறுதியில், அதாவது வாசிக்கக் கற்றுக்கொள்ளும் பருவம் முடிந்து, வாசிப்பதன் வழியே மற்றவற்றைக் கற்கும் பருவம் தொடங்கும் நிலையில், குழந்தைகள் இதில் சோதிக்கப்படுகிறார்கள். உரைகளில் ஒரு பாதி இலக்கிய வாசிப்புக்கும் மறு பாதி தகவல் பெறுவதற்கும் உரியவை. 2021ஆம் ஆண்டின் மதிப்பீட்டுத் திட்டப்படி, வெளிப்படையான செய்தியைக் கண்டெடுப்பதற்கு 20 விழுக்காடும், எளிய உய்த்துணர்தலுக்கு 30 விழுக்காடும், கருத்துகளை விளக்கி இணைப்பதற்கு 30 விழுக்காடும், உள்ளடக்கத்தையும் எழுத்து முறையையும் மதிப்பிடுவதற்கு 20 விழுக்காடும் ஒதுக்கப்பட்டன. எனவே ஒரு நாட்டின் பிர்ல்ஸ் மதிப்பெண் என்பது எழுத்துக்கூட்டி வாசிக்கும் திறனின் அளவன்று. ஒரு நீண்ட உரையோடு தனியே அமர்ந்து அதிலிருந்து பொருள் எடுக்கும் திறனின் அளவாகும்.

உங்கள் கேள்வி முதல் இரண்டு வகுப்புகளின் அடிப்படைத் திறன் பற்றியதாக இருந்தால் பிர்ல்ஸ் உதவாது. அதற்கு எக்ரா எனப்படும் தொடக்கநிலை வாசிப்பு மதிப்பீடு போன்றவை உள்ளன. அவற்றில் ஒவ்வொரு குழந்தையும் தனித்தனியே வாய்விட்டு வாசிக்கும்; எழுத்தறிவும் ஒரு நிமிடத்தில் சரியாக வாசித்த சொற்களின் எண்ணிக்கையும் பதிவாகும். ஒரு நாட்டுக்குள், ஒரு மொழிக்குள், காலப்போக்கில் ஏற்படும் மாற்றத்தைக் காண இது மிகவும் பயனுள்ளது. நாடுகளுக்கிடையே ஒப்பிடத் தகுந்ததன்று என்பதற்கான காரணத்தை மொழி பற்றிய பகுதியில் பார்ப்போம்.

பிர்ல்ஸில் சேராத பல நாடுகள் வட்டார ஆய்வுகளில் பங்கேற்கின்றன. லத்தீன் அமெரிக்காவில் யுனெஸ்கோவின் சாண்டியாகோ அலுவலகம் ஒருங்கிணைக்கும் ஆய்வு மூன்றாம், ஆறாம் வகுப்புகளையும், பிரெஞ்சு பேசும் ஆப்பிரிக்க நாடுகளில் நடைபெறும் பாசெக் ஆய்வு இரண்டாம், ஆறாம் வகுப்புகளையும் சோதிக்கின்றன. 2019இல் தென்கிழக்கு ஆசியாவின் ஆறு நாடுகளில் நடந்த ஆய்வு ஐந்தாம் வகுப்பைச் சோதித்தது. இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அளவுகோல் உண்டு. பாசெக் மதிப்பெண்ணையும் பிர்ல்ஸ் மதிப்பெண்ணையும் நேரடியாகக் கழித்துப் பார்ப்பதில் பொருளில்லை. பீசா எனப்படும் பன்னாட்டு மாணவர் மதிப்பீட்டு ஆய்வு 15 வயதினருக்கானது என்பதால், தொடக்கப் பள்ளி பற்றிய பேச்சில் அதன் எண்களைக் கலக்கவே கூடாது. ஆயினும் நாளேடுகளில் இந்தக் கலப்பு அடிக்கடி நிகழ்கிறது.

யார் தேர்வு எழுதினார்கள்?

ஒப்பீட்டின் நேர்மை பெரும்பாலும் இந்தக் கேள்வியில்தான் அடங்கியிருக்கிறது. ஆகையால் இதற்கு அதிக நேரம் செலவிடுங்கள். நாடுகள் குழந்தைகளை ஒரே வயதில் பள்ளியில் சேர்ப்பதில்லை. இங்கிலாந்தில் ஐந்து வயதிலும், பின்லாந்தில் ஏழு வயதிலும் தொடக்கக் கல்வி தொடங்குகிறது. நான்காம் ஆண்டுக் கல்வி என்று கணக்கிட்டால் வயது மாறுபடும். வயதைக் கணக்கிட்டால் கல்வி ஆண்டு மாறுபடும். பிர்ல்ஸ் கல்வி ஆண்டையே அடிப்படையாகக் கொண்டாலும், குழந்தைகளின் சராசரி வயது 9.5க்குக் குறையக் கூடாது என்றும் வகுத்துள்ளதால், சீக்கிரம் பள்ளியில் சேர்க்கும் இங்கிலாந்து, நியூசிலாந்து, மால்டா போன்ற நாடுகளில் ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் தேர்வெழுதுகிறார்கள்.

ஒரு வகுப்பு வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதற்கு நார்வே நல்ல சான்று. 2016ஆம் ஆண்டில் அந்நாடு நான்காம், ஐந்தாம் வகுப்புகள் இரண்டையும் சோதித்தது. நான்காம் வகுப்பின் சராசரி 517; ஐந்தாம் வகுப்பின் சராசரி 559. அதே நாடு, அதே மொழி, அதே ஆண்டு. ஒரு வகுப்பு மட்டுமே வேறு. வேறுபாடோ 42 புள்ளிகள். பட்டியலில் ஒன்று நடுப்பகுதியிலும் மற்றொன்று முதல் பத்து இடங்களுக்குள்ளும் அமையும். தென்னாப்பிரிக்காவில் 2021இல் நான்காம் வகுப்பு 288 புள்ளிகளும் ஆறாம் வகுப்பு 384 புள்ளிகளும் பெற்றன. ஆகவே எந்த நாட்டின் பெயரைப் பார்த்தாலும், அதன் அருகே அடைப்புக்குறிக்குள் ஒரு வகுப்பு எண் உள்ளதா என்று பாருங்கள். அந்தச் சிறிய எண்ணைத் தவறவிட்டவர் முழு ஒப்பீட்டையும் தவறவிட்டவர் ஆவார்.

2021ஆம் ஆண்டுச் சுற்றில் இதற்கும் மேலான சிக்கல் ஒன்று உண்டு. பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிகள் மூடப்பட்டதால் எல்லா நாடுகளும் திட்டமிட்ட காலத்தில் தேர்வை நடத்த இயலவில்லை. 43 நாடுகள் நான்காம் ஆண்டின் இறுதியில் சோதித்தன. 14 நாடுகள் கோடை விடுமுறைக்குப் பின் ஐந்தாம் வகுப்பின் தொடக்கத்தில் சோதித்தன. முன்னதில் அடங்கும் இங்கிலாந்து உள்ளிட்ட சில நாடுகள் ஓர் ஆண்டு கழித்துத் தேர்வை நடத்தின. அயர்லாந்து பெற்ற 577 புள்ளிகளைச் சிங்கப்பூரின் 587 புள்ளிகளோடு ஒப்பிடும்போது, அயர்லாந்தின் குழந்தைகள் வழக்கமான கால அட்டவணையைவிட ஏறத்தாழ அரை ஆண்டு கழித்துத் தேர்வெழுதினார்கள் என்பதைச் சொல்லாமல் விடுவது வாசகரை ஏமாற்றுவதாகும். அறிக்கையே இவ்விரு தொகுதிகளையும் பிரித்துக் காட்டியுள்ளது. செய்திகளில் வந்த பட்டியல்கள் பல அதைச் செய்யவில்லை.

அடுத்ததாக, விடுபட்டவர்களைத் தேடுங்கள். ஒவ்வொரு நாட்டிலும் ஏறத்தாழ 150 பள்ளிகளும் அவற்றிலிருந்து சுமார் 4,000 மாணவரும் அறிவியல் முறைப்படி தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். அறிவுத்திறன் குறைபாடுள்ளோர், தேர்வு மொழியை அண்மையில்தான் கற்கத் தொடங்கியோர், மிகச் சிறிய அல்லது தொலைதூரப் பள்ளிகளில் படிப்போர் ஆகியோரை விலக்கலாம். ஆனால் விலக்கப்பட்டோர் 5 விழுக்காட்டைத் தாண்டினால் அறிக்கையில் அந்நாட்டின் பெயருக்கு அருகே குறியீடு இடப்படும். பள்ளிகளின் பங்கேற்பு வீதம் குறைந்தாலும் அவ்வாறே. இந்த அடிக்குறிப்புகளைச் சலிப்பூட்டும் நுணுக்கம் என்று ஒதுக்காதீர்கள். வாசிக்கத் திணறும் குழந்தைகளை அதிக அளவில் விலக்கிய நாட்டின் சராசரி தானாகவே உயரும்.

பள்ளிக்கே வராத குழந்தைகள் எந்தப் பள்ளிவழி ஆய்விலும் இடம்பெறுவதில்லை. இந்தக் குறையை இரண்டு வழிகளில் ஈடுசெய்யலாம். இந்தியாவில் 2005 முதல் நடைபெறும் அசர் ஆய்வும், கிழக்கு ஆப்பிரிக்காவின் உவெசோ ஆய்வும் வீடுவீடாகச் சென்று குழந்தைகளைச் சந்திப்பதால், பள்ளியில் இல்லாதவர்களையும் கணக்கில் கொள்கின்றன. மற்றொரு வழி, உலக வங்கியும் யுனெஸ்கோ புள்ளியியல் நிறுவனமும் 2019இல் அறிமுகப்படுத்திய கற்றல் வறுமை என்னும் அளவு. பத்து வயதில் ஓர் எளிய உரையை வாசித்துப் புரிந்துகொள்ள இயலாத குழந்தைகளின் விகிதத்தை அது குறிக்கிறது. பள்ளிக்கு வராதவர்கள் அனைவரும் அந்நிலையை எட்டாதவர்களாகவே கொள்ளப்படுவார்கள். ஒரு நாட்டில் 10 விழுக்காட்டுக் குழந்தைகள் பள்ளிக்கு வெளியே இருக்கிறார்கள், பள்ளியில் இருப்போரில் 30 விழுக்காட்டினர் குறைந்தபட்ச நிலையை எட்டவில்லை என்று வைத்துக்கொள்வோம். பள்ளியில் உள்ள 90 விழுக்காட்டினரில் 30 விழுக்காடு என்பது 27. அதனுடன் வெளியே உள்ள 10ஐக் கூட்டினால் கற்றல் வறுமை 37 விழுக்காடு. பள்ளிச் சேர்க்கையில் பெரிதும் வேறுபடும் இரண்டு நாடுகளை ஒப்பிடும்போது இந்தக் கணக்கைச் செய்யாமல் இருப்பது, மிகவும் பின்தங்கிய குழந்தைகளைக் கணக்கிலிருந்தே அழித்துவிடுவதாகும் என்பது என் உறுதியான கருத்து.

மொழி என்னும் தடை

எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவு எல்லா மொழிகளிலும் ஒரே சீராக இல்லை. பிலிப் சீமோரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2003இல் வெளியிட்ட ஐரோப்பிய மொழிகள் பற்றிய ஆய்வு இதை அழுத்தமாகக் காட்டியது. முதல் வகுப்பின் இறுதியில் பின்னிய, கிரேக்க, ஜெர்மன் மொழிக் குழந்தைகள் பழக்கமான எளிய சொற்களில் 95 விழுக்காட்டுக்கு மேல் சரியாக வாசித்தார்கள். ஆங்கிலம் கற்ற குழந்தைகள் 34 விழுக்காட்டையே சரியாக வாசித்தார்கள். அக்குழந்தைகள் வயதில் இளையவர்கள் என்பது உண்மையே; எனினும் இவ்வளவு பெரிய இடைவெளிக்கு ஆங்கில எழுத்து முறையின் சீரின்மையும் முக்கியக் காரணம். ஆகவே, முதல் வகுப்பில் பின்லாந்துக் குழந்தை முந்துவதைக் கொண்டு அந்நாட்டு ஆசிரியர்கள் திறமையானவர்கள் என்று முடிவுகட்ட இயலாது. நான்காம் வகுப்பளவில் இந்த எழுத்துச்சுமை பெரும்பாலும் நீங்கிவிடுவதால்தான், பொருளுணர்தலை அப்பருவத்தில் ஒப்பிடுவது பொருத்தமாகிறது.

நிமிடத்திற்கு எத்தனை சொற்கள் என்னும் அளவு இதைவிடவும் வழுக்கலானது. துருக்கி, பின்னிய மொழி, தமிழ், சுலு போன்ற ஒட்டுநிலை மொழிகளில் ஒரே சொல் வேரோடு பல உருபுகளைச் சுமந்து நிற்கும். ஆங்கிலத்தில் மூன்று நான்கு சொற்களாக விரிவதை அங்கே ஒரு சொல் சொல்லிவிடும். தென்னாப்பிரிக்காவிலேயே சுலு மொழி உருபுகளைச் சேர்த்தெழுதுகிறது. அதற்கு உறவான சோத்தோ மொழி பிரித்தெழுதுகிறது. ஒரே நாட்டில் பக்கத்துப் பள்ளிகளில் படிக்கும் இரு குழந்தைகளின் வாசிப்பு வேகத்தையே சொற்களின் எண்ணிக்கையால் ஒப்பிட முடியாதபோது, கண்டங்களைத் தாண்டி ஒப்பிடுவது முற்றிலும் தவறு.

பிர்ல்ஸில் உரைகளும் வினாக்களும் மொழிபெயர்க்கப்பட்டு, அந்த மொழிபெயர்ப்புகள் நாட்டுக்கு வெளியே உள்ள வல்லுநர்களால் சரிபார்க்கப்படுகின்றன. ஒரு வினா ஒரு நாட்டில் மட்டும் இயல்புக்கு மாறாகக் கடினமாகத் தெரிந்தால் அதுவும் ஆராயப்படுகிறது. இது நம்பத்தக்க ஏற்பாடு. ஆனால் குழந்தை தேர்வெழுதிய மொழி அதன் வீட்டுமொழியா என்பதை நீங்கள்தான் கேட்க வேண்டும். பன்மொழி நாடுகளின் சராசரியில் இந்தச் சிக்கல் ஒளிந்திருக்கும். வீட்டுமொழி வாரியாகப் பிரித்த அட்டவணைகளை அறிக்கையில் தேடிப் படியுங்கள்.

எண்களை வாசிக்கும் முறை

பிர்ல்ஸ் அளவுகோலில் 500 என்பது 2001ஆம் ஆண்டில் பங்கேற்ற நாடுகளைக் கொண்டு நிறுவப்பட்ட நடுப்புள்ளி; மதிப்பெண்கள் எவ்வளவு பரவியுள்ளன என்பதைக் காட்டும் திட்டவிலக்கம் 100. 500 என்பது விழுக்காடும் அன்று, தேர்ச்சி மதிப்பெண்ணும் அன்று. 2021இல் பங்கேற்ற நாடுகளின் சராசரி என்றும் 500ஐக் கொள்ளக் கூடாது. தொடக்க ஆண்டில் நிறுவிய புள்ளி மாறாமல் வைக்கப்பட்டிருப்பதால்தான் ஒரு நாட்டின் இருபதாண்டுப் போக்கை நம்மால் பார்க்க முடிகிறது. சிங்கப்பூர் 2001இல் 528 புள்ளிகளிலிருந்து 2021இல் 587க்கு உயர்ந்ததும், 2001இல் 561 புள்ளிகளோடு முதலிடத்தில் இருந்த ஸ்வீடன் 2021இல் 544க்கு இறங்கியதும் அப்படித்தான் தெரியவருகின்றன.

ஒவ்வொரு சராசரிக்கும் அருகே ஒரு திட்டப் பிழை தரப்பட்டிருக்கும். நாட்டின் எல்லாக் குழந்தைகளையும் சோதிக்காமல் ஒரு மாதிரியைச் சோதித்ததால் எழும் ஐயப்பாட்டின் அளவு அது. ஒரு நாட்டின் சராசரி 545, மற்றொன்றின் சராசரி 540, இரண்டின் திட்டப் பிழையும் 2.5 எனக் கொள்வோம். இரண்டு பிழைகளையும் தனித்தனியே வர்க்கப்படுத்திக் கூட்டினால் 12.5; அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 3.5, அதை 95 விழுக்காட்டு உறுதிக்குரிய 1.96ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 7. வேறுபாடு 5 மட்டுமே என்பதால், முதல் நாட்டின் குழந்தைகள் சிறப்பாக வாசிக்கிறார்கள் என்று சொல்ல நமக்குச் சான்றில்லை. இரண்டும் ஒரே நிலையில் உள்ளன என்றே எழுத வேண்டும். இந்தச் சிறிய கணக்கைச் செய்தால், பட்டியலின் நடுவில் உள்ள பத்துப் பதினைந்து நாடுகளின் இட வேறுபாடுகள் பெரும்பாலும் மறைந்துபோகும்.

சராசரியைவிட எனக்கு முக்கியமாகத் தோன்றுவது அளவுகோலில் குறிக்கப்பட்டுள்ள நான்கு நிலைகள்: 400 தாழ்ந்த நிலை, 475 இடைநிலை, 550 உயர்நிலை, 625 மிக உயர்நிலை. 400ஐ எட்டிய குழந்தையால் எளிய உரையில் வெளிப்படையாகக் கூறப்பட்டதைக் கண்டெடுக்க முடியும். 625ஐ எட்டிய குழந்தையால் சிக்கலான உரையின் பல பகுதிகளை இணைத்து விளக்கம் தர முடியும். 2021இல் பங்கேற்ற நாடுகளின் நடுமதிப்பின்படி, அதாவது நாடுகளை வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் மதிப்பின்படி, 94 விழுக்காட்டினர் 400ஐயும், 75 விழுக்காட்டினர் 475ஐயும், 36 விழுக்காட்டினர் 550ஐயும், 7 விழுக்காட்டினர் 625ஐயும் எட்டினர். தென்னாப்பிரிக்காவிலோ 400ஐ எட்டாதவர்கள் 81 விழுக்காடு. ஒரே சராசரி பெற்ற இரண்டு நாடுகளில் ஒன்று 4 விழுக்காட்டினரையும் மற்றொன்று 12 விழுக்காட்டினரையும் 400க்குக் கீழே விட்டிருக்கக்கூடும். சராசரி இதைச் சொல்லாது. எனவே ஒப்பீட்டு அட்டவணை தயாரிக்கும்போது முதல் நிரலில் தரவரிசையை இடாமல், 400ஐ எட்டாதவர்களின் விழுக்காட்டை இடுங்கள்.

அறிக்கையோடு நிற்காமல் மூலத் தரவையே கையாள விரும்புவோர்க்கு அது இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு குழந்தை மொத்த உரைகளில் இரண்டை மட்டுமே வாசிப்பதால், அதன் திறன் ஒரே எண்ணாகத் தரப்படாமல் ஐந்து மதிப்பீட்டு எண்களாகத் தரப்பட்டிருக்கும். ஐந்தையும் முதலில் சராசரியாக்கிவிட்டுக் கணக்கிடுவது தவறு. ஒவ்வொன்றையும் கொண்டு தனித்தனியே கணக்கிட்டு, கிடைத்த ஐந்து விடைகளைச் சராசரியாக்க வேண்டும். ஒவ்வொரு குழந்தையும் நாட்டில் எத்தனை குழந்தைகளைப் பிரதிநிதிப்படுத்துகிறது என்பதைக் காட்டும் மாதிரி எடைகளையும் சேர்க்க வேண்டும். ஐ.இ.ஏ. வழங்கும் பகுப்பாய்வு மென்பொருள் இதைத் தானே செய்துவிடும்.

காரணம் தேடும்போது

மேலே உள்ள நாட்டில் ஒரு பாடத்திட்டம் இருக்கிறது, ஆகவே அந்தப் பாடத்திட்டமே காரணம் என்று சொல்ல இந்த ஆய்வுகள் இடந்தருவதில்லை. பத்து வயதுக் குழந்தையின் வாசிப்பில் பள்ளிக்கு முந்தைய கல்வி, வீட்டில் உள்ள நூல்கள், பெற்றோரின் கல்வி, மொழி, வறுமை ஆகிய அனைத்தும் கலந்திருக்கின்றன. ஒரு நாட்டுக்குள் காணும் உறவு நாடுகளுக்கிடையே தலைகீழாகவும் ஆகலாம்: ஒவ்வொரு நாட்டுக்குள்ளும் தன் வாசிப்பில் நம்பிக்கை மிக்க குழந்தைகள் அதிக மதிப்பெண் பெறுகிறார்கள், ஆனால் நம்பிக்கை மிக்க குழந்தைகள் அதிகமுள்ள நாடுகள் உயர்ந்த சராசரி பெறுவதாகச் சொல்ல முடிவதில்லை, ஏனெனில் தன்னைப் பற்றிப் பேசும் விதமே பண்பாட்டுக்குப் பண்பாடு மாறுகிறது. பெண் குழந்தைகள் ஆண் குழந்தைகளைவிட ஏறத்தாழ எல்லா நாடுகளிலும் முன்னிற்பது போன்ற, பல சுற்றுகளிலும் பல மொழிகளிலும் திரும்பத் திரும்ப வரும் முடிவுகளையே உறுதியானவையாகக் கொள்ளுங்கள்.

முடிவை எழுதும் முறை

நீங்கள் எழுதும் ஒவ்வொரு ஒப்பீட்டு வாக்கியத்திலும் ஆய்வின் பெயர், ஆண்டு, வகுப்பு, தேர்வு நடந்த காலம், மதிப்பெண் ஆகியவை இருக்க வேண்டும். தரவரிசையைச் சொன்னால் எத்தனை நாடுகளுள் என்பதும் வேண்டும். இங்கிலாந்தை எடுத்துக்கொள்வோம். 2016இல் 50 நாடுகளுள் மற்ற இரு நாடுகளோடு எட்டாம் இடத்தைப் பகிர்ந்த அந்நாடு, அடுத்த சுற்றில் 43 நாடுகளுள் நான்காம் இடத்தைப் பிடித்தது. இதை நான்கு இட முன்னேற்றம் என்று எழுதினால் வாசகர் தவறாகவே புரிந்துகொள்வார். முறையாக எழுதினால் அது இவ்வாறு அமையும்: “பிர்ல்ஸ் ஆய்வில் இங்கிலாந்தின் ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் 2016இல் 559 புள்ளிகளும், ஓர் ஆண்டு தள்ளி 2022இல் நடத்தப்பட்ட அடுத்த சுற்றுத் தேர்வில் 558 புள்ளிகளும் பெற்றார்கள், இவ்விரண்டுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. 2016இல் முன்னிருந்த பின்லாந்து 566இலிருந்தும் போலந்து 565இலிருந்தும் 549க்கு இறங்கியதாலும், அயர்லாந்தும் வட அயர்லாந்தும் ஐந்தாம் வகுப்பின் தொடக்கத்தில் தேர்வெழுதியதால் தனியே பட்டியலிடப்பட்டதாலும் அதன் தரவரிசை உயர்ந்தது.” பெருந்தொற்றுக் காலத்தில், 2016ஆம் ஆண்டோடு ஒப்பிடத்தக்க 32 நாடுகளுள் 21 நாடுகள் சரிந்தபோது நிலையாக நின்றதே ஒரு சாதனைதான் என்ற மதிப்பீட்டை, வேண்டுமானால், அதற்கு அடுத்த வாக்கியத்தில் உங்கள் கருத்தாகத் தனியே எழுதுங்கள்.